நூற்று நாற்பது முத்திரைகள்

பாடங்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த வரைக்கும் புரூலுக்குக் கல்லூரியின்மேல் ஒரு குறையும் இல்லை.

புரூலுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. முப்பத்தாறு வயது. சாரி-புலாக் வெந்நீர் ஊற்றுச் சுகநிலையத்தில் பதினோரு வருடமாக உடம்பு பிடித்துவிடுகிறாள். லாரி ஓட்டுநர்களின் இடுப்பு, பள்ளி ஆசிரியைகளின் கழுத்து, குதிரையிலிருந்து விழுந்த மேய்ப்பர்களின் தோள்பட்டை என்று எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேரை முதுகை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவாள். இந்த வருடம் புதிதாக ஒரு சட்டம் வந்தது. ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து சான்றிதழ் இல்லாத கை எந்த நோயாளியின் மேலும் படக்கூடாது. தலைமை மருத்துவர் தோக்தோகான் நல்ல மனுஷிதான், மாதம் ஒரு தடவை தன் முதுகையே புரூலிடம் ஒப்படைக்கிறவள்தான். இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

"உன் கை எனக்குத் தெரியும் புரூல். இன்ஸ்பெக்டருக்குக் காகிதந்தான் தெரியும். ஒண்ணாந்தேதி காலைல காகிதம் இல்லேன்னா உன் மேசைக்கு வேற ஆளு வந்துரும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மாவட்டத் தலைநகரான கோக்-தாலாவில் இருக்கும் மருத்துவக் கல்லூரி, வேலையில் இருப்பவர்களுக்காக இணையவழியில் ஐந்து மாதப் படிப்பு ஒன்று நடத்தியது. பதினான்கு பாடங்கள். ஆசிரியர் கெங்கேஷ் என்று முப்பது வயதுக்காரர். பாடத்தைத் தன் கையாலேயே தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். புரூலின் ஃபோன் எழுத்தைக் கண்டால் உரக்கப் படித்துக் காட்டும். ஒரு முதுகுக்கும் அடுத்த முதுகுக்கும் நடுவில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். ஐந்து பாடங்கள் இப்படியே போயின. கேள்வி கேட்டால் வகுப்பில் முதல் பதில் அவளுடையதாக இருந்தது.

பிப்ரவரியில் கல்லூரிக்கு நல்ல புத்தி வந்தது. அந்த வருடத்தை 'அனைவருக்குமான கல்வி ஆண்டு' என்று அறிவித்தார்கள். அதற்கென்று ஒரு துணை முதல்வர் நியமிக்கப்பட்டார். முராதில் இமானோவிச் என்ற அவர் அதுவரை கல்லூரியின் தீயணைப்பு வாளிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். பதினெட்டு வருடத்தில் கல்லூரி ஒரு தடவைகூடத் தீப்பிடித்ததில்லை என்பதால், மாணவர்களும் அவர் கையில் பத்திரமாக இருப்பார்கள் என்று முடிவானது. அவர் தலைமையில் ஏழு பேர் கொண்ட குழு. குழுவின் முதல் தீர்மானம், அணுகத்தக்கது என்று சான்றளிக்கப்படாத எந்தப் பாடமும் மாணவரை அணுகக்கூடாது என்பது. மீறி அனுப்பும் ஆசிரியருக்கு வேலை போகும்.

எங்கள் பக்கத்தில் முத்திரை விழாத காகிதத்தை யாரும் காகிதம் என்று ஒப்புக்கொள்வதில்லை. பிறந்ததற்கு முத்திரை, செத்ததற்கு முத்திரை, நடுவில் ஆடு வாங்கினால் அதற்கும் முத்திரை. ஆகவே கெங்கேஷ் தட்டச்சு செய்த பாடத்தை முதலில் தாளில் அச்சிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் இதற்காகவே நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் செய்வித்து வாங்கிய, தேநீர்க் கிண்ணம் அகலத்துக்கு இருந்த வட்ட முத்திரையைப் பக்கத்தின் நட்டநடுவில் குத்தினார்கள். ஓரத்தில் குத்தினால் யார் கண்ணிலும் படாது என்பது முராதில் இமானோவிச்சின் கருத்து. பிறகு அத்தனை பக்கங்களையும் படம் பிடித்து மாணவர்களுக்கு அனுப்பினார்கள்.

ஆறாம் பாடம் வந்தது. புரூல் ஃபோனைத் தொட்டாள்.

"படம்" என்றது ஃபோன். அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாள். "படம்." அடுத்தது. "படம்." பத்துப் பக்கமும் அதே குரலில், அதே பொறுமையுடன் சொல்லி முடித்தது.

ஃபோன் கெட்டுவிட்டதென்று நினைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். சுகநிலையத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் கலிப்பாவிடம் புது ஃபோன் ஒன்று இருந்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் படிக்கிற ஃபோன். அதில் வைத்துப் பார்த்தார்கள். கையெழுத்துகளும் நீல மையும் பாடத்தின் மேல் கோலம் போட்டிருந்ததில் அந்த ஃபோனும் திணறியது. அதற்குத் தெளிவாகத் தெரிந்தது முத்திரை ஒன்றுதான். "அனைவருக்கும் அணுகத்தக்கது" என்றது. அடுத்த பக்கத்தில் வைத்தார்கள். "அனைவருக்கும் அணுகத்தக்கது."

"என்னக்கா இது, தொழுகைக்குக் கூப்பிடுற மாதிரி சொன்னதையே சொல்லுது" என்றாள் கலிப்பா. தானே படித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். பாவம், ஒவ்வொரு எலும்பின் பெயரிலும் முட்டிக்கொண்டாள், வரிக்கு வரி முத்திரையைத் தாண்ட வேண்டியிருந்தது, நடுவில் நோயாளிகள் வேறு மணியடித்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மதியம் போயிற்று. கடைசிப் பாடம் வரைக்கும் இன்னும் நூற்று முப்பத்தொன்பது பக்கங்கள் பாக்கி இருந்தன.

புரூல் கல்லூரிக்குப் புகார் எழுதினாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பதிலும் படம்தான். கலிப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டினாள். சம்பந்தப்பட்ட பாடம் அணுகத்தக்கது என்று ஏழு கையெழுத்துகளுடன் சான்றளிக்கப்பட்டிருப்பதால், அதை அணுக முடியவில்லை என்பதற்கு வாய்ப்பில்லை. தவிரவும் புகார்தாரர் மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் பதிவு செய்துகொள்ளாததால் அவருக்குக் கண் தெரியாது என்பதைக் கல்லூரி இப்போதைக்கு ஏற்பதற்கில்லை. நேரில் வந்து பதிவு செய்துகொள்ளவும்.

ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, சிற்றுந்தில் இரண்டு மணி நேரம் நசுங்கி, கோக்-தாலா போய்ச் சேர்ந்தாள். கைத்தடியால் படியைத் தட்டிக் கண்டுபிடித்து முதல் படியில் கால் வைத்ததுமே காவலாளி ஓடி வந்து மறித்தார்.

"இப்படி ஏறக்கூடாதும்மா. பதிவுக்கு வர்றவங்க நாற்காலில உக்காந்து, புதுசாக் கட்டின சரிவுல வரணும்."

"எனக்குக் கால் நல்லாத்தாண்ணே இருக்கு. கண்ணுதான் தெரியாது."

"அத மேல போய்ச் சொல்லுங்க. படிவத்துல இருக்கிறது ஒரே படம், சக்கர நாற்காலி. அதுல உக்காராதவங்கள நான் என்னன்னு எழுதி உள்ள விடறது?"

உட்கார்ந்தாள். சரிவில் தள்ளிக்கொண்டு போனார்கள். யாரோ புகைப்படம் எடுத்தார்கள். சரிவு போய் முடிந்த கதவு, குளிர்காலத்துக்கு நிலக்கரி கொட்டிவைத்த அறையின் கதவு. அதை வசந்தத்தில்தான் திறப்பார்கள். எனவே நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவந்து, இரண்டு ஆட்கள் அவளோடு சேர்த்துத் தூக்கி, மூன்றாம் மாடி வரைக்கும் படியில் சுமந்தார்கள். நடந்திருந்தால் இரண்டு நிமிடம். வலப்பக்கம் தூக்கியவர் இரண்டாம் மாடியில் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்டதுமே, கீழ் முதுகில் இடப்பக்கம் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள் புரூல். நாலு வருஷமாக என்றார் அவர். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

முராதில் இமானோவிச் எழுந்து நின்று வரவேற்றார். பெரிய குரல், பழைய தோல் நாற்காலி, மேசைமேல் முத்திரையின் மை வாசனை.

"வாங்கம்மா வாங்க. இந்தக் காலேஜ்ல மாற்றுத்திறனாளி மாணவர் ஒருத்தர்கூட இதுவரைக்கும் புகார் சொன்னதில்ல. ஏன்னா ஒருத்தர்கூட இருந்ததில்ல. இப்ப நீங்க கெடச்சிருக்கீங்க. உங்களுக்காக நாங்க எவ்வளவு பண்ணியிருக்கோம்னு உங்களுக்குத் தெரியணும். சரிவு கட்டினோம். நாற்காலி வாங்கினோம். சுவர்ல பார்வையற்றவங்களுக்கு வழிகாட்டிப் பலகை, தங்க எழுத்துல, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கோம்."

தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள் புரூல். விரல் ரேகை விழும், வேண்டாம் என்றார்.

அவள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னாள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஜூன் ஒன்றாம் தேதி தனக்கு வேலையில்லை. தனக்கென்று பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். பாடத்தை முன்பு போல வெறும் எழுத்தாக அனுப்பினாலே போதும்.

துணை முதல்வர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"வெறும் எழுத்தாவா? அத யார் வேணா படிச்சிரலாமேம்மா. அப்புறம் அணுகலுக்குன்னு ஒரு குழு எதுக்கு, நான் எதுக்கு?"

படிவத்தில் அவள் கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்துக்கொண்டார். மறுபடி நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். கோபம் வந்தது அவளுக்கு. கூடவே அழுகையும். அந்த மை வாசனையோடு ஊர் திரும்புவதா என்று கல்லூரிக்கு எதிரே சிற்றுந்து நிறுத்தத்தின் குழாயடியில் நின்று கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ மூச்சு வாங்க வந்து நின்றார்கள்.

"அக்கா, நான் கெங்கேஷ். திரும்பாதீங்க, ஜன்னல்ல இருந்து பாப்பாங்க. நான் வாயால பேசி அனுப்புறேன். கேட்டதும் அழிச்சிரணும். எனக்கு மூணு புள்ளைங்க. என் பேர மட்டும் எங்கயும் எடுத்துராதீங்க."

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்குப் பாடம் வரும். கல்லூரிக் குடியிருப்பில் கெங்கேஷ் வீட்டுக்கும் முராதில் இமானோவிச் வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் கெங்கேஷ் தன் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டே பேசினார். விலா எலும்புகளுக்கு நடுவில் பால் செம்பில் விழும் சத்தம் கேட்கும். சில சமயம் மாடு ஒரு கருத்துச் சொல்லும். முத்திரை போட்ட பக்கங்களும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அவற்றைப் புரூல் ஒவ்வொன்றாகத் தொட்டு, படம் படம் என்று ஃபோன் சொல்லக் கேட்டு, கிடைத்தது என்று பதிலும் அனுப்பினாள். அனுப்பாவிட்டால் சந்தேகம் வரும். சட்டத்தை மீறிப் படிக்கிற முதல் மாணவி தானாகத்தான் இருக்கும் என்று அவளுக்குச் சிரிப்பு வரும், உடனே பயமும் வரும். ஏப்ரலில் பாடத்தோடு சேர்த்துக் கெங்கேஷ் ஒரு செய்தியும் சொன்னார். குரல் வழியாகவும் பாடம் நடத்தலாமா என்று குழு யோசித்ததாம். குரலின் மேல் முத்திரையை எந்த இடத்தில் குத்துவது என்று தெரியாததால், அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டிருக்கிறார்களாம்.

தேர்வு மே இருபத்தேழாம் தேதி என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். புரூல் மட்டும் நேரில் வர வேண்டும், பிஷ்கெக்கிலிருந்து வரும் கல்வி ஆணையத்தின் முன்னால், அரங்கத்தில், வாய்மொழியாக. அணுகல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆணையம் கண்ணால் பார்க்க விரும்பியது. கெங்கேஷ் கடைசிப் பாடத்தை இரண்டு தடவை சொன்னார். மாடு அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அரங்கம் முழுக்க எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளின் வாசனையும், பின்கட்டில் வேகும் ஆட்டுக்கறியின் வாசனையும். அவளை மேடைமேல் நாற்காலியோடு ஏற்றி, தோளில் வெல்வெட் அங்கி ஒன்றைப் போர்த்தினார்கள். கைத்தடியை, புகைப்படத்தில் இடிக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆணையத்தின் தலைவி நாசிரா தெமிரோவ்னாவின் குரல் முன்வரிசை நடுவிலிருந்து வந்தது. ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கெங்கேஷ் தொண்டையைக் கனைத்தது கேட்டது. அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. பதினோரு வருடத்தில் அந்தக் கை வேர்த்ததே கிடையாது.

வழக்கப்படி மேசையில் கவிழ்த்துப் பரப்பிய கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுத்துத் தலைவியிடம் நீட்டினாள். சீட்டிலும் முத்திரை குத்தியிருந்தது. நாசிரா தெமிரோவ்னா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"கழுத்து... ஒரு வட்டம்... எப்படி. நல்ல கேள்வி. பதில் சொல்லும்மா."

புரூல் ஆரம்பித்தாள். கழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எலும்பை எண்ணினாள், தசையைச் சொன்னாள், எங்கே விரல் வைக்கலாம், எங்கே வைத்தால் ஆபத்து என்று சொன்னாள். சொல்லச் சொல்லப் பயம் போய்விட்டது. காலை ஆறு மணிக் குரல் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதன் பின்னாலேயே போனாள்.

"கழுத்து அவசரப்படுற எடமில்ல. அடமா அழுத்தினா மாடு பால ஒளிச்சுக்கிற மாதிரி எறுகிக்கும். கைக்குப் பழகி, அதுவா எளகணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர் மூச்சு விடுவதை நிறுத்தியதும் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் முராதில் இமானோவிச். "பாடத்துல மாடு இல்லையே. நூத்தி நாப்பது பக்கத்துலயும் என் கையெழுத்து இருக்கு. மாடு இருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். இந்த மாடு எங்கேருந்து வந்துச்சு?"

கழுத்துப் பாடத்தைக் கொண்டுவரச் சொன்னார் தலைவி. தாள் புரட்டும் சத்தம் கேட்டது. எண்பத்து மூன்றாம் பக்கம், எண்பத்து நான்காம் பக்கம். துணை முதல்வர் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். புரூல் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். மாடு எந்தக் கொட்டகையுடையது என்று ஒரு கேள்வி வந்தால் போதும், மூன்று பிள்ளைகளின் சோறு போயிற்று, தன் மேசையும் போயிற்று.

"மேல ரெண்டு வரியில இல்ல. கீழ ரெண்டு வரியிலயும் இல்ல" என்றார் அவர்.

"நடுவில?" என்று கேட்டார் தலைவி.

"நடுவுல முத்திரைங்க."

"முத்திரைக்கு அடியில என்ன இருக்கு?"

துணை முதல்வர் தாளைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். படிக்க முடியவில்லை என்று சொன்னால், முத்திரை பாடத்தை மறைக்கிறது என்று ஆணையத்தின் முன்னால் அவரே சாட்சி சொன்னதாக ஆகும். படிக்க முடிகிறது என்றால் மாட்டைக் காட்ட வேண்டும்.

"மாடு" என்றார் முராதில் இமானோவிச். "முத்திரைக்கு அடியில மாடுதான் இருக்கு. இப்பத் தெரியுது."

"கண்ணு இருக்கிற நமக்கே தெரியல, இவங்க படிச்சிருக்காங்க" என்றார் நாசிரா தெமிரோவ்னா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதுக்குப் பேர்தான் அணுகல். ஒரே ஒரு கேள்வி கேக்குறேன், அறிக்கையில எழுதணும். இந்தப் பாடமெல்லாம் வேற யாரு உதவியும் இல்லாம, சான்று போட்ட பக்கத்துல இருந்து நீயாப் படிச்சியா?"

இல்லை என்று சொல்லப் புரூலுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, அத்தனை பக்கங்களையும் ஃபோனை விட்டுப் படிக்கச் சொல்லி அரங்கத்துக்கே கேட்கவைத்தால் என்ன என்று தோன்றியது. பின்வரிசையில் கெங்கேஷ் இன்னும் மூச்சு விடவில்லை.

"படிச்சேன்" என்றாள்.

கைதட்டல் அடங்க நேரமானது. நாசிரா தெமிரோவ்னா எழுந்து பேசினார். இந்தப் பெண் சொன்ன ஒரு சொல் போதும், இனி யாரும் எதையும் சோதிக்க வேண்டியதில்லை, கோக்-தாலா முறை நாட்டின் நாற்பது கல்லூரிகளிலும் நடைமுறைக்கு வரும் என்றார். முத்திரையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்றும் சொன்னார். விருந்தில் மரியாதைப் பங்கான ஆட்டுத் தலை தலைவிக்கும், காது முராதில் இமானோவிச்சுக்கும் போயின. புரூலை யாரோ கீழே இறக்கிக் கைத்தடியைக் கொடுத்தார்கள்.

மே முப்பத்தொன்றாம் தேதி சான்றிதழ் வந்தது. தலைமை மருத்துவர் தோக்தோகான் அதைப் பூட்டிவைத்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு மேசையில் குப்புறப் படுத்தாள். வேலை பிழைத்தது. கெங்கேஷும் பிழைத்தார். அந்தக் கோடை முழுக்கப் புரூல் நன்றாகத் தூங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் ஒரு மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆண் குரல், கரகரத்த குரல். தலாஸ் பக்கத்துக்காரர், பெயர் அஷிம். இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் பார்வை போய், ஐம்பத்திரண்டு வயதில் உடம்பு பிடிக்கும் தொழில் படிக்கலாம் என்று ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்.

"உன் நம்பர அலைஞ்சு திரிஞ்சு வாங்கினேன் தங்கச்சி. உன் போட்டோவப் பெருசா மாட்டியிருக்காங்களாம் இங்க. பாடம்னு அனுப்புறாங்க, என் ஃபோன் படம் படம்னு சொல்லுது. போய்க் கேட்டேன். கோக்-தாலாவுல ஒரு பொண்ணு அப்படியே படிச்சிருச்சு, உனக்கென்னய்யா வந்துச்சுன்னு திட்டி அனுப்பிட்டாங்க. எனக்குத்தான் மண்டைல ஏறலையோ என்னவோ. நீ எப்படிம்மா படிச்ச? அத மட்டும் சொல்லு."

புரூலுக்கு வெட்கத்தில் காது சுட்டது. தான் சொன்ன ஒரு சொல் நாற்பது ஊருக்குப் போய், முகம் தெரியாத மனுஷர்களைக் கதவடியிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அந்த நிமிடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. அதைத் திரும்ப எடுத்தால் கெங்கேஷ் போவார். எடுக்காவிட்டால் இந்த மனுஷர் போவார். சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

கெங்கேஷின் பாடங்களை அவர் சொன்னபடியே அவள் அழித்திருந்தாள். ஆனால் பதினான்கும் அவள் விரல்களிலேயே ஊறியிருந்தன. கலிப்பாவிடம் அரைமணி நேரத்துக்கு யாரையும் உள்ளே விடாதே என்றாள். கதவைத் தாழிட்டு, வெந்நீர்க் குழாயைச் சத்தம் வரும் அளவுக்குத் திறந்துவிட்டு, ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அஷிம் அண்ணே, பாடம் ஒண்ணு. மொதல்ல ரெண்டு கையையும் தேச்சுச் சூடு பண்ணிக்கிங்க. கேட்டதும் இத அழிச்சிருங்க. என் பேர மட்டும் எங்கயும் எடுத்துராதீங்க."